மனாலி – லே – கர்துங் லா: குளிர்ப் பாலையில் நீண்ட சைக்கிள் பயணம்

பாதை

இமாசலப் பிரதேசத்தின் மனாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகும் சாலை, இந்தியாவில் சைக்கிளில் கடக்கக்கூடிய நீண்ட மலைப் பாதைகளுள் பெயர் பெற்றது. ரோஹ்தங் வழியாக அதன் நீளம் சுமார் 475 கிலோமீட்டர். 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை மோட்டார் வாகனங்களுக்கு அதில் 46 கிலோமீட்டரைக் குறைத்திருக்கிறது. வழியில் ஐந்து கணவாய்கள் உள்ளன: ரோஹ்தங் (3,978 மீட்டர்), பாரலாச்சா லா (4,890), நக்கீ லா (சுமார் 4,740), லாச்சுலுங் லா (சுமார் 5,060), தங்லாங் லா (5,328). லே சேர்ந்தவர்களில் பலர் கர்துங் லாவையும் (5,359) ஏறிப் பார்த்துவிட்டே திரும்புகிறார்கள். 'லா' என்றாலே அந்த மண்ணின் மொழியில் கணவாய்தான்.

இந்தக் கட்டுரை பெங்களூரிலிருந்து கிளம்பும் பயணிக்கானது. அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். மனாலியை விட்டு மிதிக்கத் தொடங்கிய முதல் நாளிலேயே பயணி அந்த உயரத்தைத் தாண்டிவிடுகிறார். தெற்கிலிருந்து வருபவரின் உடலுக்குப் பழக்கமே இல்லாத உயரங்களில்தான் மீதிப் பயணம் முழுவதும் நடக்கிறது. ஆகவே இந்தப் பயணத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது கால்களின் வலு அல்ல, ஒவ்வோர் இரவும் தூங்கும் இடத்தின் உயரமே. இனி வரும் திட்டம் முழுவதும் அந்தக் கணக்கின்மேல் அமைந்தது.

ஆர்க்டிக் சாலையும் லடாக் சாலையும்

நெடுந்தூர மலை சைக்கிள் பயணம் என்றதும் அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையும் நினைவுக்கு வரும். எண்ணெய்க் குழாய் அமைப்பதற்காக 1974இல் போடப்பட்ட அந்தச் சாலை, 666 கிலோமீட்டர் ஓடி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, வடகடலோரத்து டெட்ஹார்ஸ் குடியிருப்பை அடைகிறது. இரண்டு சாலைகளும் மரமில்லாத வெளி, கடும் குளிர், கடைகள் இல்லாத நீண்ட இடைவெளி ஆகியவற்றில் ஒத்துப்போகின்றன. டால்டன் சாலையின் கடைசி 386 கிலோமீட்டரில் கடைகளோ எரிபொருளோ கிடையாது. லே சாலையில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று அறிவிக்கும் பலகை புகழ்பெற்றது.

உயரத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. டால்டன் சாலையின் மிக உயர்ந்த இடமான அட்டிகன் கணவாய் 1,444 மீட்டர். பெங்களூருக்காரர்கள் ஞாயிறு காலையில் ஏறிவிட்டு வரும் நந்தி மலை 1,478 மீட்டர். ஆர்க்டிக்கில் மூச்சுக்குக் குறையில்லை. அங்கே எதிரிகள் குளிர், கொசு, கரடி, தொலைவு. கோடையில் சூரியன் மறையாததால் நள்ளிரவிலும் மிதிக்கலாம். லடாக்கில் கரடி பயம் அரிது. மாலை ஆறு மணிக்குமேல் வெப்பம் சடசடவென்று இறங்கும். காற்றில் உயிர்வளி குறைந்திருக்கும். இதனால் ஆர்க்டிக் பயணத்துக்கான உடைப் பட்டியலையும் பொருள் பட்டியலையும் பெருமளவு எடுத்துக்கொள்ளலாம். நாள்கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அங்கே ஒரு நாளில் 100 கிலோமீட்டர் போவது நியாயமான திட்டம். இங்கே சில நாள்களில் 13 கிலோமீட்டரோடு நிறுத்துவதுதான் நல்ல திட்டம்.

எப்போது போவது

எல்லைச் சாலைகள் அமைப்பு பனியை வெட்டி வழி திறந்தபின்தான் சாலையில் போக்குவரத்து தொடங்கும். திறப்பு நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்; மார்ச் கடைசிக்கும் ஜூனுக்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். அக்டோபரில் மீண்டும் பனி மூடத் தொடங்கும். 1960இல் உருவான இந்த அமைப்பின் 'தீபக்' திட்டம் இமாசலப் பகுதியையும், 1985இல் தொடங்கிய 'ஹிமாங்க்' திட்டம் லடாக் பகுதியையும் கவனிக்கின்றன.

ஜூன் முதல் பாதியில் சாலையின் இருபுறமும் பனிச் சுவர்கள் நிற்கும். உருகும் நீர் சாலையிலேயே ஓடும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மனாலி முதல் ரோஹ்தங் வரை பருவமழை பெய்யும். சேறும் நிலச்சரிவும் அந்த மூலையில்தான். ரோஹ்தங் தாண்டியதும் மழைமறைவுப் பகுதி தொடங்குகிறது. பாரலாச்சாவுக்கு அப்பால் மழை அரிது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை வானம் தெளிந்து, ஓடைகளில் நீர் குறைந்து, சாலை ஓரளவு காய்ந்திருக்கும். ஆனால் இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகும். வழியோரத் தாபாக் கூடாரங்களும் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படும். குளிருக்குப் பழக்கமில்லாதவர் ஜூலைப் பிற்பகுதியையும், கூடாரமும் அடுப்பும் சுமந்து செல்பவர் செப்டம்பர் தொடக்கத்தையும் தேர்ந்தெடுப்பது பொருத்தம்.

உயரமும் மூச்சும்

உயரம் கூடும்போது காற்றில் உயிர்வளியின் விழுக்காடு மாறுவதில்லை. எங்கும் ஏறத்தாழ 21தான். குறைவது காற்றழுத்தம். கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு பெங்களூரில் கிடைக்கிறது. லேயில் (3,500 மீட்டர்) அது 65க்கு இறங்குகிறது. தங்லாங் லாவின் உச்சியில் பாதியைச் சற்றே தாண்டி நிற்கிறது. நுரையீரல் ஒரு மூச்சுக்கு இழுக்கும் உயிர்வளியும் அதே அளவில் குறைகிறது. உடல் முதலில் மூச்சையும் இதயத் துடிப்பையும் கூட்டிச் சமாளிக்கிறது. சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யவும், தூக்கத்தில் மூச்சு ஒழுங்குக்கு வரவும் சில நாள்கள் ஆகும். அந்தச் சில நாள்களைக் கொடுக்காதவர்களுக்கு உயர நோய் வருகிறது.

தலைவலி, பசியின்மை, குமட்டல், அசதி, தூக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். இந்த நிலையில் அதே இடத்தில் தங்கி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். அறிகுறியோடு மேலே ஏறினால் இரண்டு வழிகளில் முற்றலாம். நுரையீரலில் நீர் கோத்தால் ஓய்விலும் மூச்சிரைக்கும், இருமல் வரும், உதடு நீலம் பாரிக்கும். மூளை வீங்கினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், புத்தி தடுமாறும். இரண்டும் உயிருக்கு ஆபத்தானவை. உடனே 500 முதல் 1,000 மீட்டர் வரை கீழே இறங்குவதே முதல் மருத்துவம். உயிர்வளியும் மருந்தும் அதற்குத் துணைதான்.

பெங்களூரின் பழைய விமான நிலையச் சாலையில் 1957 முதல் இயங்கும் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில், அழுத்தம் குறைக்கப்பட்ட அறைக்குள் விமானிகளை உட்காரவைத்து உயிர்வளிக் குறைவைப் பழக்குகிறார்கள். அத்தகைய பயிற்சி உணர்த்தும் செய்தி சைக்கிள் பயணிக்கும் பொருந்தும்: உயிர்வளி குறையும்போது விரைவில் மங்குவது தீர்மானிக்கும் திறன், அது மங்குவது அவருக்கே தெரிவதில்லை. ஆகவே தன் உடல்நிலையைத் தானே எடைபோடுவது போதாது. துணை வருபவர் காலையிலும் மாலையிலும் கேட்க வேண்டும். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தனியாகப் போவது இந்தப் பாதைக்கு ஏற்றதல்ல.

ஏறும் வேகத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் விதி எளிது. 3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தூங்கக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை தூங்கும் உயரம் கூடாத நாள் ஒன்று வேண்டும். பகலில் இதைவிட உயரம் ஏறினாலும் இரவில் தாழ்ந்த இடத்துக்கு வந்துவிட்டால் ஆபத்து குறைவு. அசிட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒரு நாள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோவது நல்லது. இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவ ஒப்புதல் இல்லாமல் கிளம்பக்கூடாது.

பெங்களூரில் பயிற்சி

தெற்கில் எங்கு பயிற்சி எடுத்தாலும் உயரத்துக்கு உடலைப் பழக்க முடியாது. 'உயரப் பயிற்சி' என்று விற்கப்படும் முகமூடிகள் மூச்சு இழுப்பதைக் கடினமாக்குமே தவிர காற்றழுத்தத்தைக் குறைப்பதில்லை. இங்கே வளர்க்கக்கூடியவை மூன்று: நீண்ட நேரம் மிதிக்கும் பொறுமை, சுமையோடு ஏறும் கால், நாள்தோறும் சேணத்தில் உட்காரும் பழக்கம். இதற்கு நான்கு முதல் ஆறு மாதம் போதும்.

நகருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள நந்தி மலை முதல் பள்ளிக்கூடம். அடிவாரத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் ஏற்றம். வெறும் சைக்கிளில் ஏறப் பழகியபின், கேரியரில் 10, பிறகு 15 கிலோ ஏற்றி, ஒரே காலையில் இரண்டு மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். வேகம் முக்கியமல்ல, பேச்சு தடைபடாத அளவிலேயே மிதிக்கும் ஒழுங்கு முக்கியம். அடுத்த கட்டத்துக்கு நகரின் நெடுந்தூர சைக்கிள் குழுக்கள் நடத்தும் 'பிரெவே' பயணங்கள் உதவும். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 300ஐ 20 மணியிலும், 600ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும் என்பது அவற்றின் விதி. 200ஐயும் 300ஐயும் முடித்தவருக்கு லே சாலையின் தொலைவு அச்சம் தராது.

ஏற்றத்துக்குத் தமிழ்நாட்டில் நல்ல இடங்கள் உண்டு. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் மிகச் செங்குத்தானவை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 70 வளைவுகள். அதை ஏறியவருக்கு லே சாலையின் காட்டா வளைவுகள் 21 என்பது அற்ப எண்ணாகத் தோன்றும். சரிவும் கொல்லிமலையைவிட மிதமானதே. ஆனால் கொல்லிமலை எங்கே முடிகிறதோ, அதற்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் மேலே காட்டா வளைவுகள் தொடங்குகின்றன.

மண் பாதையில் சறுக்காமல் இறங்கவும் பழக வேண்டும். பெங்களூரைச் சுற்றியுள்ள காடுகளில் வனத்துறை அனுமதிக்கும் தடங்களில் மட்டுமே இதைச் செய்யலாம். ஏரிக்கரைகளும் குவாரிச் சாலைகளும் இதற்குப் போதும்.

சைக்கிள்

சாலையின் பெரும்பகுதி இப்போது தார் போட்டது. ஆனால் உருகும் பனி ஆண்டுதோறும் பல இடங்களை அரித்துச் சரளையும் சேறுமாக்கிவிடும். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் கொண்ட மவுண்டன் பைக், 2 அங்குலத்துக்குக் குறையாத டயர், டிஸ்க் பிரேக் ஆகியவை பொருத்தமானவை. இரும்புச் சட்டம் கனம் என்றாலும் வழியில் ஒடிந்தால் வெல்டிங் பிடிக்க ஆள் கிடைக்கும், அலுமினியத்துக்குக் கிடைக்காது.

கியரில்தான் பலர் தவறு செய்கிறார்கள். 5,000 மீட்டரில் சுமையோடு மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏற முடியும். அந்த வேகத்தில் கால் சீராகச் சுழல வேண்டுமானால் முன் பல்சக்கரம் பின்னதைவிடத் தெளிவாகச் சிறியதாக இருக்க வேண்டும். முன்னே 22, பின்னே 34 அல்லது முன்னே 30, பின்னே 50 பற்கள் என்ற அளவு சரி. சமவெளிக்கென்று விற்கப்படும் ஹைப்ரிட் சைக்கிள்களில் இந்த அளவு கிடைப்பதில்லை. கிளம்புமுன் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வழியிலுள்ள தார்ச்சா, உப்ஷி ஊர்களுக்கு நடுவே சைக்கிள் கடை கிடையாது. எனவே கையோடு இருக்க வேண்டியவை: இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், ஒரு மடக்கு டயர், பம்பு, செயின் உடைப்பான், செயின் இணைப்புக் கண்ணிகள், அந்தச் சைக்கிளுக்கே உரிய டிரெயிலர் (பின் கியர் மாற்றி) ஹேங்கர், நான்கைந்து ஸ்போக், இரண்டு ஜோடி பிரேக் பேட், கியர் கம்பி, செயின் எண்ணெய், கட்டுக் கம்பி, பிளாஸ்டிக் பட்டைகள். டிரெயிலர் ஹேங்கர் பேருந்துக் கூரையில் எளிதில் வளைந்துவிடும் துண்டு. ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்வது நல்லது. தங்லாங் லாவிலிருந்து இறங்கும் நீண்ட சரிவில் ஈரமும் மணலும் சேர்ந்து மென்மையான பிரேக் பேடுகளைச் சீக்கிரம் தேய்த்துவிடும். உலோகக் கலவையில் செய்த பேடுகள் சற்றுச் சத்தமிட்டாலும் நீடிக்கும்.

வெளியழுத்தம் குறையும்போது டயர் தானாகவே இறுகும். பெங்களூரில் அளந்து அடித்த காற்று 5,000 மீட்டரில் சுமார் 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். சரளையில் டயர் துள்ளத் தொடங்கினால் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும்.

உடையும் குளிரும்

பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அது 1884 ஜனவரியில். லே சாலையில் உள்ள சர்ச்சு, பாங் போன்ற இடங்களில் கோடை இரவுகளே அதைவிடக் குளிர்ந்தவை. ஏறும்போது குளிர் தெரியாது, வேர்வை ஊற்றும். இறங்கும்போதுதான் அது பிடிக்கும். காற்று 0 டிகிரியில் இருக்கையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 7 டிகிரியாக உறைக்கும். விரல்கள் மரத்தால் பிரேக் பிடிக்க வராது என்பதால் இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல.

உடையை அடுக்குகளாக அணிய வேண்டும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத சட்டை. பருத்தி ஈரத்தை விடாது. ஊரில் இதமான பருத்தி பனியன் இங்கே ஆகாது. கணவாயின் உச்சியைத் தொட்டதும் படம் எடுப்பதற்கு முன்பே வேர்த்த உள்ளாடையை மாற்றி, மேல் சட்டையும் தடித்த கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். காதை மூடும் மெல்லிய தொப்பி ஹெல்மெட்டுக்குள் அடங்கும். இரவுக்கு மைனஸ் 5 டிகிரி வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக், தரைக்குளிரைத் தடுக்கும் பாய், காய்ந்த ஒரு ஜோடி கம்பளிக் காலுறை ஆகியவை தேவை. அந்தக் காலுறையைப் பகலில் அணிவதே கூடாது.

உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிர் உறைப்பாகும். பனியில் பட்டுத் திரும்பியும் தாக்கும். பக்கங்கள் மூடிய கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்கும் மூக்குக்கும் களிம்பு, கழுத்தை மறைக்கும் துணி ஆகியவற்றை மேகமூட்ட நாளிலும் விடக்கூடாது.

மனாலிக்குக் கொண்டுசேர்த்தல்

விமானத்தில் டெல்லிக்கோ சண்டிகருக்கோ போய், அங்கிருந்து இரவுப் பேருந்தில் மனாலிக்குச் செல்வது விரைவான வழி. சைக்கிளைக் கழற்றி அட்டைப் பெட்டியில் அடைக்க வேண்டும். பெங்களூரின் சைக்கிள் கடைகளில் கேட்டால் காலிப் பெட்டி கிடைக்கும். பெடல், ஹேண்டில்பார், முன்சக்கரம், டிரெயிலர் ஆகியவற்றைக் கழற்றி, டயரில் காற்றைக் குறைத்து, பிரேக் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருக வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். அடுப்புக்கான எரிவாயு உருளைக்கு விமானத்தில் இடமில்லை. அதை மனாலியில் வாங்கலாம்.

ரயிலில் போவோர் பெங்களூரிலிருந்து புதுடெல்லி செல்லும் கர்நாடகா எக்ஸ்பிரஸிலோ, யஷ்வந்த்பூரிலிருந்து சண்டிகர் செல்லும் வண்டியிலோ சைக்கிளைப் பார்சலாகப் பதிவுசெய்யலாம். தாங்கள் செல்லும் அதே வண்டியில் ஏற்றப்படுகிறதா என்று பார்சல் அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

லேக்கு விமானத்தில் இறங்கி எதிர்த்திசையில் மனாலிக்கு மிதிப்பதும் உண்டு. ஒரே தாவலில் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை அடைவதால் லேயிலேயே மூன்று நான்கு நாள் கழிக்க வேண்டும். மிதிக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே தங்லாங் லா எதிரே நிற்கும். முதன்முறை போகிறவருக்கு மனாலியிலிருந்து ஏறுவதே பாதுகாப்பானது.

நாள்வாரித் திட்டம்

அடைப்புக்குறிக்குள் உள்ளவை இரவு தங்கும் இடத்தின் ஏறத்தாழ உயரம், மீட்டரில்.

நாள் 1, 2: மனாலி (2,050). சைக்கிளைப் பூட்டி, சோலாங் வரை சிறு ஓட்டம்.
நாள் 3: மர்ஹி (3,360). முழுநாள் ஏற்றம்.
நாள் 4: ரோஹ்தங் கடந்து, கோக்சர் வழியாக சிஸ்ஸு (3,120).
நாள் 5: தாண்டி வழியாக கேலாங் (3,080).
நாள் 6: ஜிஸ்பா தாண்டி தார்ச்சா (3,360).
நாள் 7: பட்சியோ (3,800).
நாள் 8: சிங்சிங்பார் (4,250).
நாள் 9: சிங்சிங்பாரில் ஓய்வு.
நாள் 10: பாரலாச்சா லா கடந்து சர்ச்சு (4,290).
நாள் 11: காட்டா வளைவுகள், நக்கீ லா கடந்து விஸ்கி நாலா (4,700).
நாள் 12: லாச்சுலுங் லா கடந்து பாங் (4,600).
நாள் 13: மோரே சமவெளி வழியாக தேப்ரிங் (4,650).
நாள் 14: தங்லாங் லா கடந்து ரும்ட்சே (4,200).
நாள் 15: உப்ஷி, காரு வழியாக லே (3,500).

ரோஹ்தங்கைச் சுரங்கப்பாதையால் தவிர்க்காமல் ஏறிக் கடப்பதில் ஒரு லாபம் உண்டு: ஏறத்தாழ 4,000 மீட்டரைத் தொட்டுவிட்டு 3,100இல் தூங்கும் வாய்ப்பு. வாகனங்கள் பெரும்பாலும் சுரங்கத்தில் போவதால் பழைய சாலை முன்பைவிட அமைதியாகவும் இருக்கிறது.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் கால்களுக்கு மிகக் குறைவாகத் தோன்றும். தார்ச்சாவிலிருந்து பட்சியோ 13 கிலோமீட்டர்தான். நடுவே தீபக் தால் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டுப் போனாலும் மதியத்துக்குள் முடிந்துவிடும். மோட்டார் சைக்கிளில் வருவோர் ஜிஸ்பாவில் தூங்கி மறுநாள் நேராகச் சர்ச்சு போகிறார்கள். ஓர் இரவில் ஆயிரம் மீட்டருக்கு மேல் தாவும் அந்த வழக்கத்தால்தான் சர்ச்சுவின் கூடாரங்களில் தலைவலியும் வாந்தியும் மிகுதி. சைக்கிளின் மெதுவேகம் இங்கே கைகொடுக்கிறது.

ஒன்பதாம் நாள் ஓய்வு பாரலாச்சாவுக்கு முன் வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. சிங்சிங்பாரில் ஒருவருக்கு முடியாமல் போனால், பாகா ஆற்றின் ஓரமாகச் சாலை நேராகக் கீழே இறங்குகிறது. சில மணி நேரத்தில் தார்ச்சா, அதன்பின் மருத்துவமனை உள்ள கேலாங். கணவாயைத் தாண்டிய பிறகு அந்த வழி அடைபடுகிறது. சர்ச்சுவிலிருந்து திரும்ப 4,890 மீட்டரை ஏற வேண்டும். பாங்கில் நோயுற்றால் பின்னே லாச்சுலுங் லாவும் முன்னே தங்லாங் லாவும் நிற்கின்றன. இரண்டுமே 5,000 மீட்டருக்கு மேல். அங்கே கீழே இறங்குவதற்கே மேலே ஏற வேண்டும். அதுவும் வாகனத்தில்தான் முடியும். ஆகவே பயணத்தைத் தொடர்வதா என்ற முடிவு பாரலாச்சாவுக்கு முந்தைய இரவில் எடுக்கப்பட வேண்டும். தலைவலி இருந்தால் இன்னொரு நாள் அங்கேயே. அப்போதும் தீரவில்லையென்றால் கேலாங்.

பாரலாச்சாவின் அருகே சூரஜ் தால் ஏரி. பாகா ஆறு அங்கிருந்து புறப்படுகிறது. சர்ச்சு இமாசலமும் லடாக்கும் சந்திக்கும் எல்லை. அங்கே மதியத்துக்குமேல் காற்று பலமாக வீசும். காலை ஆறு ஏழு மணிக்குக் கிளம்பினால் காட்டா வளைவுகளை வெயில் ஏறுமுன் முடிக்கலாம். வளைவுகளின் ஓரத்தில் தண்ணீர்ப் பாட்டில்கள் குவிந்திருக்கும் சிறு சன்னதி ஒன்று உண்டு. தாகத்தால் இறந்த ஒருவரின் ஆவிக்கு வழிப்போக்கர் வைக்கும் காணிக்கை என்பது வழக்குக் கதை. நாற்பது கிலோமீட்டர் நீளமான மோரே சமவெளி பார்வைக்குத் தட்டையாக இருக்கும். எதிர்காற்று எழுந்தால் ஏற்றத்தைவிட அலுப்பூட்டும். அதையும் காலையிலேயே கடக்க வேண்டும். தங்லாங் லாவின் ஏற்றம் சுமார் 20 கிலோமீட்டர்; ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நின்று மூச்சு வாங்கினாலும் நான்கைந்து மணி நேரத்தில் உச்சி வரும். அங்கிருந்து க்யா ஆற்றோரமாக இறங்கி உப்ஷியில் சிந்து நதியைச் சந்தித்தால் பாதையின் கடினமான பகுதி முடிந்தது.

உணவும் நீரும்

வழியோரத் தாபாக் கூடாரங்களில் பராத்தா, ராஜ்மா சாதம், பருப்பு, முட்டை, மேகி, துக்பா கிடைக்கும். படுக்கவும் இடம் தருவார்கள். அவை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும், பருவக் கடைசியில் மறையும். ஆகவே இரண்டு நாள் உணவு எப்போதும் பையில் இருக்க வேண்டும். கடலை மிட்டாய், பொட்டுக்கடலை உருண்டை, பேரீச்சை, வறுத்த வேர்க்கடலை ஆகியவை கனத்துக்கு அதிகச் சக்தி தருபவை, உறைந்தாலும் கடிபடுபவை. வறுத்த சத்துமாவு வெந்நீர் ஊற்றினாலே கஞ்சியாகும்.

அரிசி சமைக்கும் எண்ணம் வேண்டாம். பெங்களூரில் 97 டிகிரியில் கொதிக்கும் நீர் சர்ச்சுவில் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறும் பருப்பும் வேகாது. அவல், ரவை, ஓட்ஸ் வேகும். உயரத்தில் பசி மந்தமாவது இயல்பு. வாய்க்குப் பிடித்த எலுமிச்சை ஊறுகாயோ புளிக்காய்ச்சலோ கொஞ்சம் இருந்தால் நாலு வாய் கூடுதலாக இறங்கும்.

வறண்ட காற்று மூச்சு வழியாகவே உடலின் நீரை உறிஞ்சும். நாளுக்கு நான்கு லிட்டர் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர் நிறத்தில் இருப்பதே போதுமான அளவுக்கு அடையாளம். ஓடை நீரில் பனிப்பாறை அரைத்த மாவு போன்ற வண்டல் கலந்திருக்கும். ஒரு மணி நேரம் தெளியவிட்டு வடிகட்ட வேண்டும். காட்டா வளைவுகளிலும் மோரே சமவெளியிலும் நீர் அரிது. இரவில் பாட்டிலையும் வடிகட்டியையும் ஸ்லீப்பிங் பேக்கினுள் வைத்துக்கொள்ளாவிட்டால் இரண்டும் உறையும்; ஒரு முறை உறைந்த வடிகட்டி பிறகு உதவாது.

ஓடை, சரிவு, லாரி, தொலைபேசி

சாலையை வெட்டிப் பாயும் பனியோடைகளை 'நாலா' என்பார்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர், வெயிலில் பனி உருகி மாலையில் முழங்காலுக்கு மேல் வரும். காலை பத்து மணிக்குள் கடக்க வேண்டும். அடி தெரியாத நீரில் மிதிக்காமல், பைகளைக் கழற்றி, சைக்கிளை நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கமாக வைத்துத் தள்ளிச் செல்ல வேண்டும். அடித்துச் சென்றாலும் சைக்கிள் ஆளின்மேல் விழாது. செருப்புக்கு மாறிக் கடந்தால் ஷூ நனையாது.

மலைச்சரிவின் அடியில் புதிய கற்கள் சிதறிக் கிடந்தால் அங்கே நின்று இளைப்பாறக்கூடாது. இராணுவ வண்டிகளும் லாரிகளும் வரிசையாக வரும்போது மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றுவிடுவது நல்லது. பள்ளத்துப் பக்க விளிம்பின் மண் நம்பத்தகுந்ததல்ல.

வெளிமாநில முன்கட்டண சிம் லடாக்கில் இயங்காது; பின்கட்டண இணைப்பு வேண்டும். தார்ச்சாவுக்கு அப்பால் நெடுந்தூரம் சிக்னலை நம்ப முடியாது. ஆர்க்டிக் பயணிகள் வழக்கமாகக் கொண்டுபோகும் செயற்கைக்கோள் தொலைபேசியும் செய்திக் கருவியும் இந்தியாவில் உரிமமின்றி வைத்திருந்தால் குற்றம். வெளிநாட்டிலிருந்து நண்பர் தந்தார் என்றாலும் எடுத்துச் செல்லக்கூடாது. அவசரத்துக்கு இராணுவ முகாம்களும் சாலை அமைப்பின் முகாம்களுமே துணை. பாங்கில் இராணுவ முகாம் உண்டு. ஒவ்வொரு நாளும் எங்கே தங்குவது என்ற பட்டியலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, எத்தனை நாள் தகவல் வராவிட்டால் விசாரிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

லேயும் கர்துங் லாவும்

லேயில் ஒரு முழுநாள் ஓய்வு. செயினைக் கழுவி எண்ணெயிட்டு, பிரேக் பேடுகளைப் பார்த்து மாற்றலாம். கர்துங் லா சுமார் 40 கிலோமீட்டர் தொலைவு, 1,850 மீட்டருக்கு மேல் ஏற்றம். உச்சியில் நின்ற பழைய பலகை 18,380 அடி என்று சொன்னது. பிற்கால அளவீடுகள் 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,580 அடி என்கின்றன. தெற்கு புல்லு சோதனைச் சாவடி வரை நல்ல சாலை, அதன்பின் ஆண்டைப் பொறுத்துச் சரளையும் பனிநீரும். சுமையில்லாமல் அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பிற்பகலுக்குள் ஏறி, மாலைக்குள் லேக்குத் திரும்பலாம். இரண்டு வாரம் உயரத்தில் கழித்த உடலுக்கு இது எட்டும். நேரே விமானத்தில் வந்திறங்கியவர் இதை மூன்றாம் நாளே முயல்வது ஆபத்து. நுழைவு அனுமதி, சுற்றுச்சூழல் கட்டணம் பற்றிய விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் லேயில் விசாரித்துக்கொள்ள வேண்டும். உச்சியில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காமல், உடை மாற்றிக்கொண்டு இறங்கிவிட வேண்டும்.

திரும்புவதற்கு லேயிலிருந்து விமானம் எளிது. வானிலையால் சேவை ரத்தாவது உண்டு என்பதால் டெல்லியிலிருந்து பெங்களூருக்கான சீட்டை மறுநாளுக்கு எடுக்க வேண்டும். மனாலி வரை போக மூன்று நாள், பாதையில் பதினைந்து, லேயில் மூன்று, திரும்ப இரண்டு என்று 23 நாள் விடுப்பு வேண்டும். குறைவாகக் கிடைத்தால் ஓய்வு நாள்களை வெட்டக்கூடாது. முதலில் விட வேண்டியது கர்துங் லா. அதுவும் போதவில்லையென்றால் மனாலியிலிருந்து கேலாங், தார்ச்சா வரை போய்த் திரும்பும் பத்து நாள் பயணத்தோடு அந்த ஆண்டை முடித்துக்கொள்ளலாம்.